புளி கரைக்கும் முன் ஒரு கரண்டி

நீர்க்கடுப்பு என்று சொன்னால் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் முதலில் கைக்கு வரும் வைத்தியம் எலுமிச்சம்பழம். உடம்பு சூடு என்று வீட்டில் முடிவாகிவிடும். உப்பும் சர்க்கரையும் போட்ட ஜூஸ், அதற்கு மேல் ஒரு பன்னீர் சோடா, பிறகு நீர்மோர், பார்லித் தண்ணீர் என்று வரிசையாக வரும். அதிலும் அடங்காவிட்டால் மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு சிட்ரேட் சிரப், மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக். சித்திரை வெயிலில் கரும்புக் கொல்லைக்கும் மரக்காணம் உப்பளத்துக்கும் போய்வருகிற பெரும்பாலோருக்கு இதிலேயே குணமாகிவிடும். அவர்களுக்கு வந்தது போதிய தண்ணீர் குடிக்காததால் வந்த எரிச்சலாக இருக்கும், அல்லது சாதாரணக் கிருமித் தொற்றாக இருக்கும். ஆனால் சிலருக்கு மட்டும் வாரங்கள் மாதங்களானாலும் விடுவதில்லை. யூரின் கல்ச்சர் எடுத்தால் கிருமி இல்லை என்று வருகிறது. ஸ்கேனில் கல் இல்லை. சிறுநீர்ப்பை நிறைய நிறைய அடிவயிற்றில் வலி ஏறுகிறது, போய்விட்டு வந்தால் சற்றுத் தணிகிறது, அரை மணிக்குள் மறுபடி அழைக்கிறது. இரவில் நான்கு முறை, ஐந்து முறை எழ வேண்டியிருக்கிறது. இவர்களுக்கு அந்த எலுமிச்சை ஜூஸே வலியைக் கிளப்பிவிடும் பொருளாக இருக்கக்கூடும். அதைக் குடிக்கச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் மேல் அன்பு கொண்டவர்கள்தான்.

இந்த நோய்க்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் இன்டர்ஸ்டிஷியல் சிஸ்டைட்டிஸ். இப்போது அதோடு சேர்த்துச் சிறுநீர்ப்பை வலி நோய் என்றும் எழுதுகிறார்கள். பெயர் 1887-ல் அமெரிக்க மருத்துவர் அலெக்சாண்டர் ஸ்கீன் காலத்திலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. 1915-ல் பால்டிமோர் நகரின் கய் ஹன்னர், சில நோயாளிகளின் சிறுநீர்ப்பைச் சுவரில் தனித்தன்மையான புண்களைக் கண்டு விவரித்தார்; இன்றும் அவை அவர் பெயராலேயே அழைக்கப்படுகின்றன. எல்லா நோயாளிக்கும் அந்தப் புண் இருப்பதில்லை. அதனால்தான் இது கண்டுபிடிக்கக் கடினமான நோய். சிறுநீர்ப்பையோடு தொடர்புடையதாகத் தோன்றும் வலியோ அழுத்தமோ அசௌகரியமோ ஆறு வாரத்துக்கு மேல் நீடித்து, அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர் வருவது போன்ற தொல்லைகளும் சேர்ந்திருந்து, தொற்றோ வேறு காரணமோ இல்லையென்று உறுதியானால்தான் இந்தப் பெயரைச் சூட்டலாம் என்பது அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கத்தின் வரையறை. அந்த ‘வேறு காரணம்’ என்ற சொல்லுக்குள் நம் ஊரில் நிறைய அடங்கும்: கல், சர்க்கரை நோய், சிறுநீர்ப் பாதைக் காசநோய், கட்டி, ஆண்களுக்கு புராஸ்டேட் தொல்லை. அவற்றையெல்லாம் பார்த்து ஒதுக்காமல் சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக் காலம் கடத்துவது ஆபத்து. சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. முண்டியம்பாக்கத்தில் 2010-ல் தொடங்கிய அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில், சிறுநீரகவியலுக்கெனத் தனித் துறையுள்ள புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. முதல் வேலை அங்கே.

அமெரிக்காவில் ரேண்ட் நிறுவனம் நடத்தி 2011-ல் வெளியான ஆய்வு, பதினெட்டு வயதைத் தாண்டிய பெண்களில் 33 லட்சம் முதல் 79 லட்சம் பேர் வரை இதன் அறிகுறிகளோடு வாழ்வதாகக் கணக்கிட்டது. ஆகவே அரிய நோய் என்று ஒதுக்கிவிட முடியாது. நோய்க்குப் பெயர் தெரிந்து மருந்துச் சீட்டு கையில் வந்த அன்று, எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது?” அதற்கு இரண்டு விதமான பதில்கள் கிடைக்கின்றன. ஒன்று, காபி, டீ, தக்காளி, மிளகாய், எலுமிச்சை, ஆரஞ்சு, தயிர், சாக்லேட் என்று ஒரு முழுப்பக்கத் தடைப்பட்டியல். இன்னொன்று, “சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லம்மா, மாத்திரையை மட்டும் ஒழுங்கா போடுங்க.” இரண்டுமே நோயாளிக்கு உதவாத பதில்கள் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். சிகிச்சை தொடங்கும் காலத்தில் உணவு ஒரு சோதனையாக அமைய வேண்டும். தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் உள்ள, ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் பார்க்கிற, விடையை எழுதிவைக்கிற சோதனை. அதைவிடக் குறைவாகச் செய்தால் வலியைத் தூண்டும் பொருள் எதுவென்று தெரியாமலே போகும். அதைவிட அதிகமாகச் செய்தால் வலியோடு சத்துக்குறைவும் சேரும்.

சான்று என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 2007-ல் ஷார்ட்டர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 104 நோயாளிகளிடம் விசாரித்தபோது, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஏதோ ஒரு உணவோ பானமோ தங்கள் தொல்லையைக் கூட்டுவதாகச் சொன்னார்கள். காபி, டீ, சோடா வகைகள், மது, எலுமிச்சை-ஆரஞ்சு இனப் பழங்கள், செயற்கை இனிப்பு, காரமான மிளகாய் ஆகியவையே அதிகம் குற்றஞ்சாட்டப்பட்டவை. 2011-ல் பஸாலி குழுவினர் 598 பேரிடம் கேட்டதில், கிட்டத்தட்ட 96 சதவீதம் பேர் அதேபோலச் சொன்னார்கள். தக்காளியும் வைட்டமின் சி மாத்திரையும்கூடப் பட்டியலில் ஏறின. இந்த எண்களைப் பார்த்துத்தான் தடைப்பட்டியல் அச்சாகிறது. ஆனால் அதே 2011 ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது: கேட்கப்பட்ட உணவுப் பொருள்களில் மிகப் பெரும்பாலானவை பெரும்பாலான நோயாளிகளுக்கு எந்த மாற்றத்தையும் தரவில்லை. ஆக, ஏறக்குறைய எல்லோருக்கும் ஏதோ ஒன்று ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. பட்டியலில் உள்ள எல்லாமே ஒத்துக்கொள்ளாத நோயாளி அபூர்வம் என்பதும் உண்மை. பட்டியலைச் சந்தேக நபர்களின் பெயர்வரிசையாக வைத்துக்கொள்ளலாம். அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வதுதான் தவறு.

ஏன் ஒருவருக்குக் காபி, இன்னொருவருக்குத் தக்காளி என்று மாறுகிறது? நோயின் உள்வேலை இன்னும் முழுக்கத் தெளியவில்லை. சிறுநீர்ப்பையின் உட்சுவரில் வழவழப்பான ஒரு காப்புப் படலம் உண்டு. அது சிதைந்த இடத்தில் சிறுநீரிலுள்ள பொட்டாசியம் போன்றவை சுவருக்குள் கசிந்து நரம்பைச் சீண்டுகின்றன என்பது ஒரு விளக்கம். ஒவ்வாமையோடு தொடர்புடைய மாஸ்ட் செல்கள் சுவரில் கூடுதலாகச் செயல்படுகின்றன என்பது மற்றொன்று. குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் போகும் நரம்புகள் தண்டுவடத்தில் அக்கம்பக்கமாகச் சேர்வதால், ஒன்றில் எழும் எரிச்சல் மற்றதைத் தூண்டலாம் என்பது மூன்றாவது. காரம் சாப்பிட்ட சிறிது நேரத்துக்குள், அது சிறுநீராக மாறுவதற்கு முன்பே, வலி கிளம்புவதாகச் சிலர் சொல்வதை இந்த மூன்றாவது விளக்கம்தான் ஓரளவு புரியவைக்கிறது. பரவலாக நம்பப்படும் ‘அமிலச் சிறுநீர்தான் காரணம்’ என்ற கருத்துக்கு ஒரு நல்ல சோதனை 2005-ல் கனடாவில் நடந்தது. 26 நோயாளிகளின் சிறுநீர்ப்பைக்குள், சிறுநீரின் அமிலத்தன்மை கொண்ட திரவத்தையும் அமிலம் நீங்கிய திரவத்தையும் மாற்றி மாற்றிச் செலுத்தினார்கள். எது எதுவென்று நோயாளிக்கும் தெரியாது, செலுத்தியவருக்கும் தெரியாது. வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு வரவில்லை. விலை கூடிய ஆல்கலைன் தண்ணீர் பாட்டிலை இந்த நோய்க்கு மருந்தென்று வாங்குகிறவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். பொட்டாசியம் நிறைந்த வாழைப்பழம், நோயாளிகள் பலருக்குத் தொந்தரவு தராத பழங்களின் வரிசையில் இடம்பெறுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு வேதிப்பொருளைப் பிடித்துக்கொண்டு ‘இது உள்ளதெல்லாம் ஆகாது’ என்று சூத்திரம் போடுவது எவ்வளவு பலவீனமானது என்பது விளங்கும். சூத்திரம் இல்லாத இடத்தில் சோதித்துப் பார்ப்பது ஒன்றே வழி.

இதற்கு மருத்துவர்கள் தரப்பிலிருந்து ஒரு நியாயமான மறுப்பு உண்டு. உணவு பற்றி மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளும் நோயாளியின் நினைவிலிருந்து சொல்லக் கேட்டவை. ‘காபி ஆகாது’ என்று ஒருமுறை கேள்விப்பட்டவர், காபி குடித்த நாளின் வலியை மட்டும் நினைவில் வைத்திருப்பார். குடித்தும் வலிக்காத நாள் மறந்துபோகும். இந்த நோயோ தானே ஏறித் தானே இறங்கும் இயல்புடையது. அப்படியிருக்க, சாப்பாட்டைக் குறை சொல்வது எந்த அளவுக்குச் சரி? ஒத்துக்கொள்ள வேண்டிய மறுப்புதான். ஆனால் இந்த மறுப்பிலிருந்து ‘ஆகவே கண்டுகொள்ள வேண்டாம்’ என்ற முடிவு பிறக்காது. ‘ஆகவே நினைவை நம்பாமல் எழுதிப் பார்’ என்ற முடிவுதான் பிறக்கும். ஜப்பானில் ஓ-ஓகா என்ற மருத்துவர், நோயாளிக்கு நோயாளி உணவைத் திட்டமிட்டு மாற்றி ஓராண்டு தொடர்ந்து கவனித்து 2017-ல் வெளியிட்ட சிறிய ஆய்வில் வலியும் அவசரமும் குறைந்ததாகப் பதிவு செய்தார். அமிட்ரிப்டிலின் மாத்திரையை 271 பேருக்குச் சோதித்து 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வு இன்னும் யோசிக்கவைப்பது. அதில் மாத்திரை எடுத்தவர்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்கள் என இரு தரப்புக்கும் உணவு, தண்ணீர், சிறுநீர்ப்பைப் பயிற்சி பற்றிய வழிகாட்டல் தரப்பட்டது. மாத்திரைத் தரப்பில் 55 சதவீதம் பேர் தேறினார்கள். வெற்று மாத்திரைத் தரப்பிலும் 45 சதவீதம் பேர் தேறினார்கள். அந்த 45-ல் மனநம்பிக்கைக்கும் காலப்போக்குக்கும் ஒரு பங்கு இருக்கும். பழக்க மாற்றத்துக்கும் ஒரு பங்கு இருந்திருக்கலாம் என்பதை மறுக்கவும் அந்த ஆய்வு இடம் தரவில்லை. 2022-ல் திருத்திய வழிகாட்டலிலும் அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம், உணவுப் பொருளை விலக்கிப் பார்ப்பதைப் பழக்க மாற்றங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. செலவில்லாத, அறுவை இல்லாத, சில வாரங்களில் முடிந்துவிடும் ஒரு முயற்சிக்கு இவ்வளவு சான்று போதும் என்பது என் முடிவு.

செலவில்லாதது என்று எழுதியது குறுகிய காலத்துக்கு மட்டும்தான் பொருந்தும். 2019-21-ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! அப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண்ணிடம் முழுப்பக்கத் தடைப்பட்டியலைக் கொடுத்து, முடியும் தேதி சொல்லாமல் அனுப்புவது அவள் உடம்பின் மேல் வைக்கும் இன்னொரு சுமை. பட்டியலில் உள்ளதையெல்லாம் நீக்கினால் குழம்பும் ரசமும் தயிரும் தக்காளியும் பழமும் போய், வெறும் சோறும் இட்லியும் மிஞ்சும். பல பெண்கள் அதைத்தான் செய்கிறார்கள். ‘எதுக்கு வம்பு’ என்று கஞ்சியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரை விஷயத்தில் இந்தச் சிக்கல் நேராகவே மோதுகிறது. அந்த மாத்திரை நன்றாக உடம்பில் சேர எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள் என்று சுகாதார நிலையத்தில் சொல்வார்கள். சிறுநீர்ப்பைக்காக அதே எலுமிச்சையை நிறுத்து என்று மற்றொரு மருத்துவர் சொல்வார். எலுமிச்சை தனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று சோதித்து அறிந்தவளுக்கு மட்டுமே இதில் தெளிவான வழி உண்டு. ஒத்துக்கொண்டால் தாராளமாகச் சேர்க்கலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் வயிறு தாங்கும் பட்சத்தில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரையை விழுங்கலாம், டீயை மட்டும் அதன் பக்கம் அண்டவிடாமல். சர்க்கரை நோயாளிகளுக்கும் இதே போல ஒரு மோதல். 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு என்கிறது. காபியில் சுகர்ஃப்ரீ வில்லையைக் கரைத்துக் குடிக்கும் ஒருவருக்கு, சந்தேகப் பட்டியலின் இரண்டு பெயர்கள் ஒரே டம்ளரில் இறங்குகின்றன. இனிப்பே இல்லாமல் குடித்துப் பார்த்தால்தான் குற்றவாளி எது என்று பிரித்தறிய முடியும். மேலும், சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் புதிய வகை நீரிழிவு மாத்திரைகள் சிறுநீரின் அளவைக் கூட்டக்கூடியவை. என்ன மாத்திரை எடுக்கிறோம் என்பதைச் சிறுநீரக மருத்துவரிடம் சொல்லாமல் விடக்கூடாது.

அச்சிட்ட பட்டியலின் இன்னொரு குறை, அது நம் அடுப்படிக்காக எழுதப்பட்டதல்ல. அமெரிக்கச் சாப்பாட்டு மேசையில் புளிக்கு இடம் குறைவு. இங்கேயோ குழம்பு, ரசம், சட்னி, துவையல் எல்லாவற்றிலும் புளி. டார்டாரிக் அமிலம் நிறைந்த அதைச் சந்தேகப்படக் காரணம் உண்டு என்பதற்கு மேல் எந்தப் பட்டியலும் நமக்கு உதவாது. நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். அதைப் பார்ப்பதற்கு வீட்டில் யாருக்கும் தனிச்சமையல் தேவையில்லை. தனிச்சமையல் என்ற பேச்சு எழுந்தாலே இந்த முயற்சி தோற்றுப்போகும். ஏனென்றால் நோயாளி பெரும்பாலும் அந்த வீட்டில் சமைப்பவளே. எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவள் தனக்கென்று இன்னொரு சட்டி வைக்கமாட்டாள். வைத்தாலும் நாலு நாளைக்கு மேல் தொடராது. அதனால் பொதுச் சமையலுக்குள்ளேயே இடம் பார்க்க வேண்டும். சாம்பாருக்கு வேகவைத்த பருப்பையும் காயையும் புளி கரைத்து ஊற்றுவதற்கு முன், மிளகாய்த்தூள் போடுவதற்கு முன், ஒரு கரண்டி தனியே எடுத்துவைத்தால் போதும். உப்பும் சீரகமும் தேங்காயும் சேர்த்தால் அதுவே கூட்டு. சுரைக்காய், புடலை, பீர்க்கங்காய், பூசணி, அவரை போட்ட பாசிப்பருப்புக் கூட்டுகளுக்குப் புளியே வேண்டாம். முருங்கைக்கீரைப் பொரியல், முட்டை, புளி சேர்க்காத மீன் வறுவல், வீட்டில் மிளகாய் இல்லாமல் அரைத்த தேங்காய்ச் சட்னி என்று சோதனைக் காலத்தின் சாப்பாடு வயிறு நிறையவும் சத்தாகவும் அமையும். காரத்துக்குப் பதில் கொஞ்சம் இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி வைத்து வாசனையைக் காப்பாற்றிக்கொள்ளலாம். கேழ்வரகுக் கூழும் கம்பங்கூழும் இந்த மாவட்டத்தின் பழைய சாப்பாடு. புளிக்கவைக்காமல் அன்றன்று காய்ச்சினால் சோதனைக்கு ஏற்றவை. கோடையில் திண்டிவனம் நெடுஞ்சாலை ஓரமெங்கும் குவித்து விற்கும் தர்பூசணி, நோயாளிகள் பொதுவாகத் தாங்கிக்கொள்ளும் பழங்களில் ஒன்று. வேர்க்கடலையும் அப்படியே. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் ரகங்கள் டிஎம்வி என்ற பெயரில் நாடெங்கும் போய்ச் சேர்ந்த இந்த மண்ணில், ஒரு கைப்பிடி அவித்த கடலைக்குப் பஞ்சமில்லை. மாலையில் காராபூந்தியும் மிளகாய் பஜ்ஜியும் இருந்த இடத்தில் அது உட்காரட்டும்.

சோதனையை நடத்தும் முறை கடினமானதல்ல, ஆனால் பொறுமை கேட்கும். ஒரு வாரம் எதையும் மாற்றாமல், எப்போது என்ன சாப்பிட்டோம், எத்தனை முறை போனோம், வலி பத்துக்கு எவ்வளவு என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறிக்க வேண்டும். மாதவிலக்கு நாள்களையும் குறிக்க வேண்டும், ஏனெனில் பல பெண்களுக்கு அதையொட்டி வலி தானாகவே கூடும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரம் வரை முக்கியச் சந்தேகப் பொருள்களை மட்டும் விலக்கலாம்: காபி, டீ, சோடா, எலுமிச்சை இனம், தக்காளி, புளி, காரம், செயற்கை இனிப்பு, வைட்டமின் சி வில்லை. வலி குறைந்தால், ஒவ்வொரு பொருளாகத் திரும்பக் கொண்டுவரும் கட்டம் தொடங்கும். முதல் நாள் கொஞ்சம், மறுநாள் வழக்கமான அளவு, மூன்றாம் நாள் கவனிப்பு. தொல்லை இல்லையென்றால் அந்தப் பொருள் விடுதலை. உண்மையான விடை கிடைப்பது இந்தத் திரும்பக் கொண்டுவரும் கட்டத்தில்தான். விலக்கும்போது வலி குறைந்ததற்கு நூறு காரணம் இருக்கலாம். சேர்த்தபோது கிளம்பி, மறுபடி விலக்கியபோது அடங்கி, இன்னொரு முறை சேர்த்தபோது மீண்டும் கிளம்பினால் அதைச் சான்றாக ஏற்கலாம். பெரும்பாலோர் விலக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். பயம்தான் காரணம். தேறியதைக் கெடுத்துக்கொள்வானேன் என்ற அந்தப் பயம் இயல்பானது; ஆனாலும் ஆயுள் முழுதும் தேவையின்றித் தக்காளியை இழப்பதற்கு அதுவே வழிவகுக்கிறது.

காபி, டீ விஷயத்தில் ஒரேயடியாக வெட்டினால் இரண்டாம் நாள் தலைவலி பிளக்கும். அதை நோயின் வேலை என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவது நல்லது. தண்ணீரில் நடக்கும் தவறு இன்னும் பெரியது. போக வேண்டியிருக்குமே என்று பயந்து குடிப்பதையே நிறுத்துகிறார்கள். விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு நூற்றறுபது கிலோமீட்டர் பஸ்ஸில் போகிறவள் காலையிலிருந்து தண்ணீர் தொடமாட்டாள். ரயிலில் கழிப்பறை உண்டு என்பதற்காகவே ரயிலுக்குக் காத்திருப்பாள். கழிப்பறை இல்லாத வேலையிடங்களில், வயலிலும் உப்பளத்திலும் துணிக்கடையிலும், இதுவே தினசரி வழக்கம். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்படும். கெட்டிப்பட்ட சிறுநீர் புண்பட்ட சுவரை அதிகம் சீண்டும். எல்லா உணவுச் சோதனையையும் இந்த ஒரு தவறு குழப்பிவிடக்கூடியது. அதற்காக ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிப்பதும் சரியல்ல. நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாக, சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடித்தால் போதும். பெண்கள் வேலை செய்யும் இடங்களில் கழிப்பறை இல்லாததைச் சாப்பாட்டு நோட்டால் சரிசெய்ய முடியாது. அது முதலாளியும் உள்ளாட்சியும் செய்யவேண்டிய வேலை. இந்த நோயின் சிகிச்சையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்றே சொல்வேன்.

மருந்து தொடங்கும் காலத்தில் உணவைப் பற்றித் தனியே பேசவேண்டியதற்கு முக்கியக் காரணம், மருந்தும் உணவும் ஒன்றின் தடத்தை மற்றொன்று அழிக்கும் என்பது. திங்கட்கிழமை புது மாத்திரை, அன்றே பத்துப் பொருள் விலக்கல் என்று ஆரம்பித்தால், ஒரு மாதம் கழித்துத் தேறினாலும் எதனால் தேறினோம் என்று தெரியாது. இரண்டையும் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டிவரும். வலி தாங்கும்படி இருந்தால், மருந்தின் அளவு ஒரு நிலைக்கு வந்த பிறகு விலக்கல் சோதனையைத் தொடங்கலாம். தாங்க முடியாவிட்டால் இரண்டையும் சேர்த்தே தொடங்கலாம். திரும்பக் கொண்டுவரும் கட்டத்தை மட்டும் மருந்தின் அளவு மாறாத வாரங்களில் வைத்துக்கொள்ள வேண்டும். மருந்துகளும் தம் பங்குக்குச் சாப்பாட்டில் கைவைக்கும். அமிட்ரிப்டிலினை இரவில் பத்து மில்லிகிராமில் தொடங்கி மெல்லக் கூட்டுவது வழக்கம். அது வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், காலையில் மந்தமாக்கும். மந்தத்தைப் போக்க ஸ்ட்ராங் காபி ஒன்று போட்டுக் குடித்தால் அன்றைக்கு வலி கூடலாம். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை நிறுத்திவிடுவார்கள். வாய் உலர்ந்ததற்குப் புளிப்பு மிட்டாய் சப்பினாலும் இதே கதை. மலச்சிக்கலோ தானே சிறுநீர்ப்பையை அழுத்தி வலியை ஏற்றும். ஆகவே மாத்திரை தொடங்கிய நாளிலிருந்தே கீரை, அவரை, வாழைப்பழம், கேழ்வரகு என்று நார்ச்சத்தைக் கூட்டவேண்டும். இது விலக்கல் பட்டியலைவிட முந்தியது. பென்டோசான் பாலிசல்ஃபேட் என்ற மருந்தை உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். அது பலன் காட்ட மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம் என்பதால், இரண்டாம் வாரம் கிடைத்த ஆறுதலை அதன் கணக்கில் எழுதக்கூடாது. 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்தை நீண்டகாலம் எடுத்த சிலருக்கு விழித்திரையில் பாதிப்பு வருவது 2018-ல் தெரியவந்து, 2020-ல் மருந்தின் குறிப்பேட்டிலும் எச்சரிக்கை சேர்ந்தது. இதைத் தொடங்குகிறவர்கள் கண் பரிசோதனையைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

பத்தியம் நமக்குப் புதிதா, மருந்தென்றாலே வாயைக் கட்டு என்று சித்த வைத்தியம் சொன்னதைத்தானே சுற்றிவளைத்துச் சொல்கிறாய் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். மருந்தோடு உணவும் கவனிக்கப்பட வேண்டும் என்ற அந்தப் பழக்கம் இந்த நோயாளிக்குப் பெரிய பலம் என்பதை மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்கிறேன். மேலைநாட்டு நோயாளியிடம் புதிதாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டியது, இங்கே பாட்டியிடமே இருக்கிறது. முறையான பத்தியத்துக்கு நாள்கணக்கும் உண்டு, படிப்படியாகப் பழைய உணவுக்குத் திரும்பும் ஒழுங்கும் உண்டு. வேறுபடுவது ஓரிடத்தில்தான். பத்தியம் மருந்தைப் பொறுத்தது. ஒரே மருந்தென்றால் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே கட்டுப்பாடு. இங்கே கட்டுப்பாடு ஆளைப் பொறுத்தது. அக்காவுக்கு ஆகாதது தங்கைக்கு ஆகலாம். இன்னொரு யோசனையும் சிலர் சொல்வதுண்டு: சோடா உப்பைத் தண்ணீரில் கலந்து குடித்தால் எரிச்சல் அடங்குகிறது என்று. மேலே சொன்ன பஸாலி குழுவின் ஆய்விலும் அப்படிச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் ரத்த அழுத்தம், இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்தச் சோடியம் கேடு செய்யும். மருத்துவரைக் கேட்காமல் அதில் கைவைக்க வேண்டாம்.

நோட்டை நேர்மையாக எழுதி, பொருள்களை விலக்கி, திரும்பச் சேர்த்துப் பார்த்தும் எந்த வேறுபாடும் தெரியாதவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கும் இது பயன் தந்த சோதனைதான். தக்காளியும் புளியும் காரமும் தன் வலிக்குக் காரணமில்லை என்று தெரிந்த பெண், மறுநாளே எல்லோரோடும் அதே குழம்பை ஊற்றிச் சாப்பிடலாம்; ‘நாக்கைக் கட்டமாட்டாள், அதான் வலி’ என்று யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது. மருத்துவருக்கும் அடுத்த கதவைத் தட்ட வேளை வந்துவிட்டது என்று புரியும். இடுப்புத்தளத் தசைகள் இறுகிக் கிடப்பதும் இந்த வலிக்குப் பல பேரிடம் துணைக்காரணம். அமெரிக்காவில் 81 பெண்களிடம் நடத்தி 2012-ல் வெளியிட்ட சோதனையில், அந்தத் தசைகளை இளக்கும் பிசியோதெரபி பெற்றவர்களில் 59 சதவீதம் பேர் தேறினார்கள். சாதாரண மசாஜ் பெற்றவர்களில் தேறியது 26 சதவீதம் பேர். அந்தச் சிகிச்சையைச் செய்யப் பயிற்சி பெற்ற பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இருக்கிறாரா என்பதே, நோட்டை முடித்துவிட்டு வருகிறவள் அடுத்து கேட்கவேண்டிய கேள்வி.